பூட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்



உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. அண்ணன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது வீட்டில் விட்டுப்போன இரண்டு கேம் டிஸ்க்குகளைப் புது லேப்டாப்பில் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். ஒன்று திறக்கவே மறுத்துவிட்டது. இன்னொன்று முழுசாக இன்ஸ்டால் ஆன பிறகு, ஆக்டிவேஷன் எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று சொல்லி நின்றுவிட்டது. இரண்டும் பில் போட்டு வாங்கிய அசல் டிஸ்க்குகள். “காசு கொடுத்துத்தானே வாங்கினோம், இது எங்களுக்குச் சொந்தம் இல்லையா? கிராக் போட்டு ஆடினால் தப்பா?” என்று கேட்கிறீர்கள். கடிதத்தின் அடியில் இன்னொரு வரியும் இருக்கிறது. கல்லூரி நண்பர்களோடு சேர்ந்து நீங்களே ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறீர்கள். அதற்கு என்ன பாதுகாப்பு வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கியவராக நொந்துபோன நீங்களே நாளைக்கு விற்கப்போகிறவராகவும் இருப்பதால், இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

முதல் டிஸ்க்கிலும் பழுது இல்லை, உங்கள் லேப்டாப்பிலும் பழுது இல்லை. வாங்கிய வருடத்தையும் எரர் வரும் விதத்தையும் வைத்துப் பார்த்தால், அதில் இருப்பது சேஃப்டிஸ்க் என்றுதான் தோன்றுகிறது. மேக்ரோவிஷன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் காப்பி புரொடெக்‌ஷன் அது. 2000களில் வந்த ஏராளமான விண்டோஸ் கேம்களில் இருந்தது. டிஸ்க்கை அச்சடிக்கும்போதே அதன் ஒரு பகுதியில் சரியாகப் படிக்க வராத செக்டர்களை வேண்டுமென்றே வைத்துவிடுவார்கள். வீட்டு ரைட்டரில் நகல் எடுத்தால் அந்தப் பிழைகள் அப்படியே நகலுக்கு வராது. கேம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தப் பிழைகளைத் தேடும். இருந்தால் அசல், இல்லாவிட்டால் நகல். தேடுகிற வேலையைச் செய்தது விண்டோஸின் அடி ஆழத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்ன டிரைவர் ஃபைல். 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அந்த டிரைவரைச் சேர்க்கவில்லை. அதே வருடம் செப்டம்பரில் ஒரு பாதுகாப்பு அப்டேட் மூலம் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றிலும் அதை அணைத்துவிட்டது. இதற்காக மைக்ரோசாஃப்ட்டைக் குறை சொல்ல மாட்டேன். சிஸ்டத்தின் உள்ளடுக்குவரை அதிகாரம் உள்ள பழைய டிரைவரில் பாதுகாப்புப் பிரச்சினை இருக்கிறது என்றால் அதை எடுப்பதுதான் சரி.

ஆனால் விளைவைப் பாருங்கள். கேம் ஓடத் தேவையான ஒவ்வொரு ஃபைலும் அந்த டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. அது அசல்தான் என்பதற்கான அடையாளமும் டிஸ்க்கிலேயே இருக்கிறது. அடையாளத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய டிரைவர் மட்டும் இல்லை. அது இல்லாத ஒரே காரணத்துக்காக, பில்லோடு வாங்கிய உங்கள் வீட்டு டிஸ்க் திருட்டு நகலுக்குச் சமமாகிவிட்டது.

அதற்கும் முந்தைய காலத்துப் பூட்டுகள் இவ்வளவு கொடுமையானவை அல்ல. 1990-ல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் அட்டை வட்டுகள் இருந்தன. திரையில் ஒரு கடற்கொள்ளையன் முகம் வரும். வட்டைத் திருப்பி அதே முகத்தின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் பொருத்தினால், சின்ன சன்னலில் ஒரு வருடம் தெரியும். அந்த வருடத்தை டைப் செய்தால் ஆட்டம் தொடங்கும். தொல்லைதான். ஆனால் அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தவர் இன்றைக்கும் யாரையும் கேட்காமல் ஆடலாம். தயாரித்தவர்கள் கடையைச் சாத்திவிட்டுப் போனாலும் அவருக்குக் கவலை இல்லை.

இரண்டாவது டிஸ்க்கின் கதை முற்றிலும் வேறு. பெட்டியில் ஒட்டியிருக்கும் சீரியல் கீயை நீங்கள் டைப் செய்தவுடன், கேம் உங்கள் கம்ப்யூட்டரின் பாகங்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி, அவற்றை ஒரு குறியீட்டு எண்ணாகச் சுருக்கி, கீயோடு சேர்த்து நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. இந்தக் கீ ஏற்கெனவே எத்தனை கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது என்று சர்வர் தன் கணக்கைப் பார்க்கிறது. பாக்கி இருந்தால் அனுமதி திரும்பி வரும். பாக்கி இல்லையென்றால் உங்களுக்கு வந்த அதே செய்தி வரும். ஹார்டு டிஸ்க் போய்ப் புதிது மாட்டினாலும், விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போட்டாலும், அதே கம்ப்யூட்டர் வேறு கம்ப்யூட்டராக எண்ணப்பட்டுவிடுவது உண்டு. உங்கள் அண்ணன் ஹாஸ்டலில் போட்டிருப்பார், வீட்டில் போட்டிருப்பார், வைரஸ் வந்து ஃபார்மட் அடித்த பிறகு மறுபடியும் போட்டிருப்பார். ஒவ்வொன்றும் கணக்கில் ஏறியிருக்கிறது. அவர் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எவரும் செய்கிற காரியங்கள்தான்.

இந்த முறைக்கு எதிரான கோபம் உலகம் முழுக்க வெடித்தது 2008-ல். அதற்கு ஒரு வருடம் முன்பே ‘பயோஷாக்’ இரண்டே ஆக்டிவேஷன்களோடு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் ஐந்தாக்கி, 2008 ஜூனில் கணக்கையே கைவிட்டிருந்தது. ‘மாஸ் எஃபெக்ட்’ கம்ப்யூட்டர் பதிப்பு பத்து நாளுக்கு ஒருமுறை சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்கும் என்று அறிவித்தார்கள். அதையும் வாங்குபவர்கள் சண்டை போட்டு நிறுத்தினார்கள். பிறகு அந்த செப்டம்பரில் ‘ஸ்போர்’ வந்தது.

ஸ்போரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். சிம்சிட்டியையும் தி சிம்ஸையும் உருவாக்கிய வில் ரைட் பல வருடம் பாடுபட்டுச் செய்த கேம் அது. தண்ணீரில் நீந்தும் ஒரு சின்ன உயிரில் தொடங்கி, அதற்குக் கை கால் முளைத்து, கூட்டமாகி, நகரம் கட்டி, கடைசியில் விண்வெளிக்குப் போகும் ஆட்டம். குழந்தைகள் தாங்களே விநோதமான பிராணிகளைச் செய்து பார்த்துச் சந்தோஷப்படலாம். உலகமே காத்திருந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதைச் செக்யூரோம் என்ற பூட்டோடு வெளியிட்டது. சோனி குழுமத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு அது. ஒரு கீக்கு மூன்று ஆக்டிவேஷன்தான். நான்காவது தேவையென்றால் நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்க வேண்டும்.

அமேசானில் சில நாட்களிலேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார்கள். கேமை எவ்வளவோ பேர் பாராட்டியும், பூட்டுக்காகவே நட்சத்திரத்தைக் குறைத்தார்கள். அமெரிக்காவில் வழக்கும் போட்டார்கள். மூன்றுக்கு மேல் ஆக்டிவேட் செய்ய முயல்கிறவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை என்று நிறுவனம் பதில் சொன்னது. அந்தக் கணக்கு சரியாகவே இருக்கட்டும். வெளியான மாதத்துக் கணக்கு அது. ஏழெட்டு வருடம் கழித்து, இரண்டு கம்ப்யூட்டர் மாற்றிய பிறகு, அலமாரியிலிருந்து டிஸ்க்கை எடுக்கும் உங்களைப் போன்றவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். எதிர்ப்பு தணியாததால் எண்ணிக்கையை ஐந்தாக்கினார்கள். டிசம்பரில் ஸ்டீம் என்ற இணையக் கடையில் செக்யூரோம் இல்லாமலே விற்றார்கள்.

இத்தனை பாடுபட்டும் பூட்டு தன் வேலையைச் செய்ததா? கடைக்கு வருவதற்கு முன்பே ஸ்போரின் உடைத்த நகல் டோரன்டில் வந்துவிட்டது. அந்த வருடம் டோரன்டில் அதிகம் இறக்கப்பட்ட கேம் அதுதான் என்று டோரன்ட்ஃப்ரீக் என்ற இணையதளம் கணக்குச் சொன்னது. 17 லட்சம் முறை. இறக்கி ஆடியவர்களுக்கு ஆக்டிவேஷனும் இல்லை, மூன்று என்ற கணக்கும் இல்லை, போன் செய்து கெஞ்ச வேண்டியதும் இல்லை. அத்தனை கட்டுப்பாடும் கடையில் காசு கொடுத்தவர் தலையில்தான் விழுந்தது. பதினேழு வருடத்துக்கும் மேல் ஆகியும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. நேர்மையாக நடந்துகொண்டவனுக்கு மட்டமான பொருளையும், நடக்காதவனுக்கு நல்ல பொருளையும் கொடுத்துவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பிறகு வந்தது இன்னும் மோசம். 2010 மார்ச்சில் யூபிசாஃப்ட் ‘அசாசின்ஸ் கிரீட் 2’ கம்ப்யூட்டர் பதிப்பை, ஆடும் நேரம் முழுக்க இன்டர்நெட் இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையோடு விற்றது. யாரோடும் போட்டி போடாமல், ஒருவர் தனியாக ஆடும் கதை ஆட்டம் அது. பதினைந்தாம் நூற்றாண்டு வெனிஸ் நகரத்துக் கூரைகளின்மேல் கதாநாயகன் எட்சியோ ஓடிக்கொண்டிருக்கிறான். மோடத்தில் ஒரு விளக்கு அணைகிறது. ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. இணைப்பு திரும்பவில்லையென்றால் கடைசியாகப் பதிவான இடத்துக்குப் பிறகு ஆடியதெல்லாம் வீண் என்றுதான் தொடக்கத்தில் அமைத்திருந்தார்கள். மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை, யாரோ அந்த சர்வர்களைக் குறிவைத்துத் தாக்கினார்கள். விடுமுறை நாளில் ஆட உட்கார்ந்த வாடிக்கையாளர்கள் பலர் உள்ளேயே போக முடியவில்லை. 2012 பிப்ரவரியில் அதே நிறுவனம் சர்வர்களை இடம் மாற்றியபோது சில கேம்கள் நாள் கணக்கில் ஓடவில்லை. அந்த வருடக் கடைசிக்குள் அந்த நிபந்தனையையே கைவிட்டார்கள்.

இதே யூபிசாஃப்ட் 2008-ல் செய்த ஒரு காரியம் பலருக்கு நினைவிருக்காது. ‘ரெயின்போ சிக்ஸ் வேகஸ் 2’ கேமை டிஸ்க் இல்லாமல் டவுன்லோடாக வாங்கியவர்களுக்கு, புது அப்டேட் போட்டதும் டிஸ்க்கைப் போடு என்று கேம் கேட்க ஆரம்பித்தது. டவுன்லோடாக வாங்கியவரிடம் டிஸ்க் எங்கே இருக்கும்? நிறுவனம் ஒரு தீர்வு ஃபைலை வெளியிட்டது. அதைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே ரீலோடட் என்ற கிராக் கும்பலின் பெயரைக் கண்டார்கள். சொந்தப் பூட்டைத் திறக்க, திருடியவர்கள் செய்த சாவியைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

2013 மார்ச்சில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட புதிய ‘சிம்சிட்டி’ பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நகரத்தின் கணக்குகளில் பெரும்பகுதி சர்வரில் நடப்பதால் இன்டர்நெட் இல்லாமல் முடியாது என்றார்கள். முதல் வாரம் சர்வர்கள் தாங்கவில்லை. அமேசான் விற்பனையையே கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தது. இணைப்பு இல்லாமலும் நகரம் ஓடுகிறது என்று வெளியில் இருந்தவர்கள் நோண்டிக் காட்டினார்கள். சுமார் ஒரு வருடத்தில் இன்டர்நெட் இல்லாமல் ஆடும் வசதியை நிறுவனமே கொடுத்தது.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, கேம் நிறுவனங்கள் எல்லாம் கொள்ளைக்காரர்கள், நகல் எடுப்பதில் தப்பே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செய்கிறவர் பக்கமும் எனக்குத் தெரியும். உங்களுக்கு அது சீக்கிரமே தெரியவரும்.

2013 ஏப்ரலில் கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் ‘கேம் டெவ் டைகூன்’ என்ற கேமை வெளியிட்டது. இரண்டு சகோதரர்கள் நடத்திய நிறுவனம். கேம் கம்பெனி நடத்துவதுதான் ஆட்டமே. எப்படியும் யாராவது டோரன்டில் ஏற்றுவார்கள் என்று தெரிந்து, அவர்களே ஒரு நகலை முதல் நாளே ஏற்றிவிட்டார்கள். அதில் ஒரு மாற்றம்: கொஞ்ச தூரம் ஆடியதும் உங்கள் கற்பனைக் கம்பெனியின் கேம்களை எல்லோரும் திருட்டு நகலாக ஆடுவார்கள், காசு வராமல் கம்பெனி திவாலாகும். ஒரு நாள் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். ஆடிய 3,318 பேரில் காசு கொடுத்தவர்கள் 214 பேர். அந்தக் கேமில் பூட்டே கிடையாது. விலையும் எட்டு டாலருக்குள்தான். பூட்டு இல்லாமல், மலிவாகக் கொடுத்தால் எல்லோரும் வாங்கிவிடுவார்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் இந்த 214-ஐயும் சேர்த்தே பேச வேண்டும்.

நம் ஊரிலும் இதுதான் நிலைமை. சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் பாலித்தீன் உறையில் போட்ட கேம் சிடிகள் விற்ற காலத்தில், அசல் பெட்டியின் விலை ஒரு சாதாரணக் குடும்பத்துக்குக் கைக்கெட்டாத தொகையாக இருந்தது. அது காரணம்தான். அந்தக் காரணத்தால் செய்தவருக்குப் போக வேண்டிய பணம் போய்ச் சேர்ந்துவிடவில்லை.

பூட்டால் பலன் உண்டா என்பதற்கு இப்போது ஓரளவு நல்ல ஆய்வே இருக்கிறது. ஆஸ்திரியாவின் டெனுவோதான் இன்றைக்குப் பெரிய கேம்களில் வரும் பூட்டு. 2014-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. டெனுவோ போட்ட கேம்களின் ஸ்டீம் தரவுகளை எடுத்துக்கொண்டு ஓர் அமெரிக்க ஆய்வாளர் கணக்குப் போட்டு, 2024-ல் ‘என்டர்டெயின்மென்ட் கம்ப்யூட்டிங்’ ஆய்விதழில் வெளியிட்டார். வெளியான முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் வருமானம் சராசரியாகச் சுமார் 20 சதவீதம் குறைகிறது. நாள் ஆக ஆக இந்த இழப்பு சிறுத்துக்கொண்டே வருகிறது. பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு உடைந்தால் இழப்பு ஏறக்குறைய இல்லை.

தம்பி, இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது இந்தப் பன்னிரண்டு வாரத்தில்தான் இருக்கிறது. முதல் மூன்று மாதம் பூட்டுப் போட்டுக்கொள்ள ஒரு நிறுவனத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. பல வருடம், பல நூறு பேர் வேலை செய்த கேம். போட்ட முதலில் பெரும்பகுதி அந்த வாரங்களில்தான் திரும்ப வருகிறது. அதற்குள் நகல் பரவினால் சம்பளம் வாங்குகிறவர்கள் வயிற்றில்தான் அடி. ஆனால் மூன்று மாதம் முடிந்த பிறகும், மூன்று வருடம் முடிந்த பிறகும், பத்து வருடம் முடிந்த பிறகும் அதே பூட்டு ஏன் தொங்க வேண்டும்? அதனால் நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் லாபம் இல்லை. வாங்கியவருக்கு மட்டும் அது வருடா வருடம் பெரிய ஆபத்தாகிக்கொண்டே வருகிறது.

கழற்ற முடியாத பூட்டும் இல்லை இது. ‘டூம்’ 2016 மே மாதம் டெனுவோவோடு வந்தது. டிசம்பரில் ஒரு அப்டேட்டில் எடுத்துவிட்டார்கள். அப்படி எடுத்த நிறுவனங்கள் இன்னும் நிறைய. மைக்ரோசாஃப்ட்டின் கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ் சேவை செத்துப்போய்ப் பல வருடம் ஆன பிறகும் அதைத் தேடிக்கொண்டு நின்ற ‘ஃபால்அவுட் 3’ கேமுக்கு, 2021 அக்டோபரில் அப்டேட் கொடுத்து அந்தத் தொடர்பை அறுத்தார்கள். பதின்மூன்று வருடத்துப் பழைய கேம். மனமிருந்தால் செய்ய முடிகிறது.

மனமில்லாவிட்டால் என்ன ஆகும்? டிஸ்னியின் ‘ட்ரான்: எவல்யூஷன்’ 2010-ல் வந்தது. 2019-ல் செக்யூரோமுக்கான ஒப்பந்தம் காலாவதியானது. சர்வர் பதில் சொல்வதை நிறுத்தியது. புதிதாக இன்ஸ்டால் செய்தவர்களால் கேமைத் திறக்கவே முடியவில்லை. 2021 நவம்பரில் டெனுவோ பயன்படுத்திய ஒரு டொமைன் காலாவதியானபோது, அந்த இடைவெளியில் பல கேம்கள் உலகம் முழுக்க ஓடாமல் நின்றன. அதே வருடம் ‘ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்’ காசு கொடுத்தவர்களுக்குச் சண்டைக் காட்சிகளில் திக்கித் திக்கி ஓடியது. பூட்டை உடைத்த நகல் சீராக ஓடியது. ஜூலையில் கேப்காம் அப்டேட் கொடுத்துத்தான் அதைச் சரிசெய்தது.

இவற்றுக்கெல்லாம் உச்சம் யூபிசாஃப்ட்டின் ‘தி க்ரூ’. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, கடற்கரையிலிருந்து கடற்கரைவரை காரில் போக விட்ட கேம், 2014-ல் வந்தது. தனியாக ஓட்டினாலும் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31-ல் சர்வரை அணைத்தார்கள். டிஸ்க்கைக் கையில் வைத்திருந்தவருக்கும் அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு வாடிக்கையாளர்களின் கணக்கிலிருந்தே அந்தக் கேமின் உரிமத்தை எடுத்துவிட்டார்கள். ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்கர் இதை வைத்து ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். கேமை என்றென்றைக்கும் நடத்திக்கொண்டே இருங்கள் என்று அவர் கேட்கவில்லை. சேவையை மூடும்போது, வாங்கியவர் ஏதாவது ஒரு வகையில் ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் மனுவில் 2025 ஜூலையில் கையெழுத்து பத்து லட்சத்தைத் தாண்டியது. அதற்கு முன்பே, ‘தி க்ரூ’ மூடப்பட்ட அமளிக்குப் பிறகு, ‘தி க்ரூ 2’ கேமுக்கு இன்டர்நெட் இல்லாமல் ஆடும் வசதி வரும் என்று யூபிசாஃப்ட் 2024 செப்டம்பரில் அறிவித்தது. கேட்டால் கிடைக்கிறது என்பதற்கு இது போதும்.

இனி உங்கள் கேள்வி: சொந்தமா, இல்லையா? நிறுவனங்களின் ஒப்பந்தப்படி இல்லை. நீங்கள் வாங்கியது ஆடுவதற்கான உரிமம். விதிமுறையில் நீளமாக எழுதியிருப்பார்கள், யாரும் படிக்காமல் சம்மதம் என்று அழுத்துவோம். கலிபோர்னியா மாநிலம் இதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல், டிஜிட்டல் பொருளை “வாங்கு” என்று சொல்லி விற்கும் கடை, இது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நல்ல சட்டம்தான், ஆனால் பாதிச் சட்டம். எடுத்துக்கொள்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுத்துக்கொள்வது, சொல்லாமல் எடுப்பதைவிட எவ்வளவோ மேல். எடுக்காமல் இருப்பது அதைவிட மேல்.

கிராக் போடலாமா என்பதற்கு நம் நாட்டுச் சட்டத்தையே பார்ப்போம். 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பதிப்புரிமையைப் பாதுகாக்கும் தொழில்நுட்பப் பூட்டை, அந்த உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் இரண்டு வருடம்வரை சிறையும் அபராதமும் உண்டு. “மீறும் நோக்கத்தோடு” என்ற சொற்களைக் கவனியுங்கள். இந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகச் செய்தால் அந்தத் தண்டனை பொருந்தாது என்று அடுத்த உட்பிரிவே சொல்கிறது. அப்படிச் செய்ய ஒருவர் இன்னொருவருக்கு உதவினால், உதவி பெற்றவரின் பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் உதவியவர் பதிவு செய்து வைக்க வேண்டும் என்றுகூட விவரமாக எழுதியிருக்கிறார்கள். 52-வது பிரிவு, ஒரு புரோகிராமின் பிரதியை முறையாக வைத்திருப்பவர் அது எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்குப் பயன்படுத்த நகல் எடுக்கவும், பழுதானால் உதவும் என்று ஒரு நகல் வைத்துக்கொள்ளவும் அனுமதிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பில்லோடு வாங்கி, பூட்டு செத்துப்போனதால் ஓடாமல் கிடக்கும் டிஸ்க்கை உங்கள் வீட்டில் நீங்கள் ஓட்டிப் பார்ப்பதில் திருட்டு நோக்கம் இல்லை என்றே நான் நினைக்கிறேன். அமெரிக்காவிலும் 2015-ல், சர்வர் மூடப்பட்ட கேம்களைத் தனியாக ஆடுவதற்காகப் பூட்டைத் திறக்க விதிவிலக்குக் கொடுத்தார்கள். நான் வக்கீல் இல்லை. இது ஒரு வாசகனின் வாசிப்பு. மனசாட்சிப்படி கேட்டீர்களானால், அதில் தப்பில்லை என்பேன். இன்றைக்குக் கடையில் விற்கும் கேமுக்கு அதே பதிலைச் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் கிராக் ஃபைலைத் தேடி முதலில் ஓடாதீர்கள். கேமின் பெயரைப் போட்டுத் தேடினால் வரும் இணைப்புகள் பலவற்றில் வைரஸ் இருக்கும். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டு என்று சொல்லும் ஃபைலைத் தொடவே வேண்டாம். முதல் கேமுக்கு, பூட்டை எடுக்கும் அப்டேட்டைத் தயாரித்தவர்களே கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய கேம்கள் பலவற்றுக்குக் கடைசி அப்டேட்டில் அது இருக்கும். இரண்டாவதற்கு, பில்லையும் கீ ஒட்டிய பக்கத்தையும் போட்டோ எடுத்து நிறுவனத்துக்கு மெயில் அனுப்புங்கள். ஆக்டிவேஷன் கணக்கை நீக்கிப் புதிதாகத் தொடங்கித் தருவது அவர்களுக்கு ஒரு நிமிட வேலை. இரண்டும் நடக்கவில்லையென்றால் ஜிஓஜி கடையில் தேடுங்கள்.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. போலந்தில் 1990களில் வார இறுதிச் சந்தைகளில் திருட்டு நகல்கள் கூவிக் கூவி விற்கப்பட்டன. நம் ரிச்சி தெருவைப் போலத்தான். அந்தச் சூழலில் மார்சின் இவின்ஸ்கியும் மிகாவ் கிச்சின்ஸ்கியும் 1994-ல் சிடி ப்ராஜெக்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1999-ல் ‘பால்டர்ஸ் கேட்’ கேமைப் போலிஷ் மொழியில் கொண்டுவரும்போது, சந்தை நகலோடு விலையில் போட்டி போட முடியாது என்று தெரிந்து, பெட்டிக்குள் வரைபடம், விதிப் புத்தகம், இசைத் தட்டு என்று நிரப்பினார்கள். பிரபல நடிகர்களை வைத்துப் போலிஷில் குரல் கொடுத்தார்கள். நன்றாக விற்றது. அதே ஆட்கள்தான் 2008-ல் ஜிஓஜியைத் தொடங்கி, பழைய கேம்களைப் புது விண்டோஸில் ஓடும்படி சரிசெய்து, எந்தப் பூட்டும் இல்லாமல் விற்க ஆரம்பித்தார்கள். இன்ஸ்டால் ஃபைலை எடுத்து ஒரு ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொண்டால் போதும், பிறகு யார் தயவும் வேண்டாம். 2015-ல் அவர்கள் செய்த ‘தி விட்சர் 3’ அந்த வருடத்தின் மிகப் பெரிய கேம்களில் ஒன்று. அதையும் பூட்டு இல்லாமல்தான் விற்றார்கள்.

உங்கள் கேமுக்கு வருகிறேன். நான்கைந்து பேர் சேர்ந்து செய்யும் சின்னக் கேமுக்குப் பெரிய பூட்டு வேண்டாம். அதற்குச் செலவழிக்கும் மாதங்களைத் தமிழில் நல்ல குரல் கொடுக்கவும், பழைய லேப்டாப்பிலும் ஓடும்படி செய்யவும் செலவழியுங்கள். வாங்கியவர் பெயர் தெரியும்படி ஒரு சாதாரண கீ வைத்துக்கொள்ளலாம். முதன்முறை ஒரே ஒரு தடவை சரிபார்த்தால் போதும். சர்வர் பதில் சொல்லாவிட்டால் கேம் திறக்கும்படி எழுதுங்கள், மூடும்படி எழுதாதீர்கள். இதில் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், பிடிவாதமாக இருங்கள். சரிபார்க்கும் பகுதியைக் கேமின் மற்ற பகுதிகளோடு பின்னாமல் தனியாக வையுங்கள். நாளைக்கு எடுக்கும்போது ஒரு மாலை நேரத்தில் எடுத்துவிட முடிய வேண்டும். அது இல்லாத ஒரு பதிப்பை வெளியீட்டுக்கு முன்பே தயார் செய்து, ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊருக்குப் போய்விடுவீர்கள், சர்வர் வாடகையைக் கட்ட யாருக்கும் ஞாபகம் இருக்காது.

விற்பனைப் பக்கத்தில் மூன்று வரி போடுங்கள்: இன்டர்நெட் எப்போது தேவை, எத்தனை கம்ப்யூட்டரில் போடலாம், எந்தத் தேதியோடு சரிபார்ப்பு எடுக்கப்படும். தேதியைப் போட்டால் அந்தத் தேதியில் எடுத்துவிடுங்கள். கேம் வெளிவந்ததும் எழுதுங்கள். காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.